விறாந்தையில் பிறந்த விமரிசனங்கள்

பழைய இரும்பும் பித்தளையும் வெறும் போத்தலும் வாங்குகிற ஒருவர், சென்ற மாதம் ஒரு முற்பகலில் எங்கள் படலையடியில் வண்டியை நிறுத்தி, முற்றத்து மூலையில் மாமரத்தோடு சேர்த்துக் கட்டியபடி நிற்கிற நீண்ட இரும்புக் குழாயை அண்ணாந்து பார்த்து, “ஐயா, உந்தப் பைப் சும்மாதானே நிக்குது, தாறியளோ? நிறுவைக்கு எடுக்கிறன்” என்று மரியாதையாகக் கேட்டார். இன்று அக்குழாயில் ஒரு பாகற்கொடி படர்ந்திருக்கிறது. இடுப்பளவு உயரத்தில் கயிறு கட்டி உடுப்பு உலர்த்துகிறோம். உச்சியில் ஒருகாலத்தில் மீன்முள்ளைப் போல் விரிந்திருந்த அலுமினியக் கம்பிகள் எப்போதோ காற்றோடு போய்விட்டன. விற்பதாக இல்லையென்று சொல்லி அவரை அனுப்பிய பின்னரும் நான் வெகுநேரம் வீட்டுக்குள் போகவில்லை. அந்தக் குழாயின் தயவால் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்த படங்களும், அவற்றைப் பார்த்துவிட்டு எங்கள் மனிதர் விறாந்தையிலும் கிணற்றடியிலும் சொன்ன அபிப்பிராயங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்தில் எழுந்தன.

இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி. அதற்குப் பின்வந்த சில வருஷங்களில், வெங்காயமும் வாழைக்குலையும் விற்ற காசிலும், மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய காசிலும், எங்கள் நீர்வேலி போன்ற தோட்டக் கிராமங்களிலேகூட ஆங்காங்கே ரிவிப் பெட்டிகள் வந்துசேர்ந்தன. ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பமே. ஆதலால் யாழ்ப்பாணத்து வீடுகளின் அன்ரெனாக்கள் பெரும்பாலும் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்த தமிழ்நாட்டை நோக்கியே முகந்திருப்பி நின்றன. வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை ஒரு தமிழ்ப்படம் என்று கிராமத்தின் வாராந்த வாழ்க்கையில் இரண்டு புதிய விசேஷ தினங்கள் உண்டாயின. ஞாயிறு பின்னேரம் தோட்டத்துக்கு இறைப்பவர்கள்கூட நேரத்தோடு இறைப்பை முடித்துக்கொண்டு, கால் கழுவி, வெற்றிலைத் தட்டத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

காற்று ஓய்ந்த வெக்கை இரவுகளில் படம் கண்ணாடிபோல் தெளிந்து வரும். காற்றுப் பெயர்ந்தாலோ திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் சிதறும். அப்போது சின்னண்ணை முற்றத்துக்கு ஓடிப்போய்க் குழாயைப் பிடித்து மெல்லத் திருப்புவார். பெட்டிக்கு முன்னாலிருந்து ஒருவர் கூவ, வாசற்படியில் நிற்கும் ஒருவர் அதை வாங்கி முற்றத்துக்கு அனுப்ப, “வருகுது, வருகுது… கொஞ்சம் கிழக்கால… ஐயோ போட்டுது… விடு, விடு, அப்பிடியே விடு!” என்று அந்தச் சங்கிலிக் குரல் அயலெங்கும் கேட்கும். படம் நிலைத்தவுடன் எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சுவிடுவோம். அவ்வளவு பிரயத்தனப்பட்டுப் பார்த்த படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோக ஒருவருக்கும் மனம் வராது. பார்ப்பதற்குப் பட்ட பாடே பேசுவதற்கும் ஓர் உரிமையை எங்களுக்குத் தந்ததென்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தூர்தர்ஷனுக்கு அடுத்தபடியாக வந்தது வீடியோ டெக். டெக்கை வாங்குகிற வசதி எல்லாருக்கும் வாய்க்கவில்லை. வாடகைக்கு எடுப்பதே வழக்கம். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்குப் பிரியாவிடை என்று ஏதாவதொரு சந்தர்ப்பம் வாய்த்தால், அயலட்டை எல்லாம் காசு சேர்த்து, ரவுணிலிருந்து பெட்டியும் டெக்கும் கசெற்றுகளும் லான்ட்மாஸ்ரரில் வந்திறங்கும். முற்றத்தில் தறப்பாளும் பாயும் சாக்கும் விரிக்கப்படும். முதியோருக்குக் கதிரை, குழந்தைகளுக்கு முன்வரிசை மண். நடுவிலே படம் கோடுகோடாகக் கிழிந்து ஓடத் தொடங்கினால், டெக் கொண்டுவந்த பெடியன் மூடியைக் கழற்றி, ஒரு வைத்தியருக்குரிய பக்குவத்தோடு உள்ளே ஹெட்டைத் துடைப்பான். அந்த இடைவெளியில் பால்தேத்தண்ணியும் வடையும் கைமாறும். படத்தின் முற்பாதியைப் பற்றிய முதல் அபிப்பிராயங்களும் அப்போதே தலைகாட்டும்.

எல்லாவற்றிலும் பிரதானமானது சிவராத்திரி. கண்விழிக்கவேண்டிய அந்த இரவில், கோயிலில் முதற்சாமப் பூசை பார்த்துவிட்டு வந்து விடியும்வரை படம் பார்ப்பது அந்த வருஷங்களில் ஊரூராக வழக்கமாகிவிட்டது. படங்களின் ஒழுங்கையும் பெரியவர்களே தீர்மானிப்பார்கள். முதலாவதாக ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ அல்லது ‘சரஸ்வதி சபதம்’, அடுத்து ஒரு சிவாஜி படம், அதற்கு எம்.ஜி.ஆர். அபிமானிகள் ஆட்சேபம் தெரிவிப்பார்களாதலால் அவர்களுக்கும் ஒன்று. முதியவர்கள் கதிரையிலேயே கண்ணயர்ந்த பின்பு, இளைஞர்கள் காத்திருந்த ரஜினியோ கமலோ. கடைசிப் படம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களின் வாயில் அப்போதே வாதம் ஆரம்பித்திருக்கும்.

அந்த வாதங்களுக்கு ஒரு சபை இருந்தது. அது எங்கள் பெரியப்பாவின் விறாந்தை. அவர் இளைப்பாறிய தமிழாசிரியர். மறுநாட் காலை, சாய்மனைக் கதிரையில் சால்வையோடு சாய்ந்திருந்து, பிளேன்ரீயைப் பனங்கட்டித் துண்டோடு உறிஞ்சியபடி, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் படத்தைப் பற்றிக் கேட்பார். சிறுபிள்ளைகளாகிய எங்களையும் விடமாட்டார். “நல்ல படம்” என்று சொல்லிவிட்டு ஓடப் பார்த்தால், “நில்லு மோனை. நல்லதெண்டு சொன்னால் காணாது. ஏன் நல்லது? எந்த இடம் உனக்குப் பிடிச்சது? அதைச் சொல்லிப்போட்டு ஓடு” என்று மறிப்பார். பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் அதே சட்டந்தான். காரணம் சொல்லாத புகழ்ச்சிக்கும் காரணம் சொல்லாத நிந்தைக்கும் அந்த விறாந்தையில் இடமில்லை. ஒரு வாக்கியத்தை எடுத்து, நியாயம் காட்டி, எதிர்க்கருத்தைக் கேட்டு, மீண்டும் நிலைநிறுத்துகிற வித்தையை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறம்பாக அங்கேதான் கற்றேன்.

‘திருவிளையாடல்’ பார்த்த மறுநாள் நடந்த சம்பாஷணை ஒன்று இன்றும் செவியில் நிற்கிறது. நாகேஷ் நடித்த தருமியையும், இயக்குநரான நாகராஜன் தாமே நடித்த நக்கீரரையும் பற்றியது அது. கடவுளே முன்னால் வந்து நின்றபோதும் பாட்டிலே கண்ட பிழையை விட்டுக்கொடாத நக்கீரரை, அயல்வீட்டு மாமா ஒருவர், “அது வீண் பிடிவாதம்” என்று தள்ளினார். பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “பிடிவாதம் இல்லை, தம்பி. பிழையைப் பிழையெண்டு சொல்ல ஒராள் இல்லாட்டி, அது சபையே இல்லை” என்றார். சின்னண்ணைக்கோ அனுதாபம் முழுவதும் தருமியின் பக்கம். பொற்கிழி கையில் வரும் நேரத்தில் அது பறிபோவது நியாயமா என்று கேட்டார். வாதம் முற்றிக்கொண்டிருக்கையில், குசினி வாசலில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மம்மா, தலை நிமிராமலே, “நீங்கள் எல்லாரும் பாட்டைப் பற்றிக் கதைக்கிறியள். அந்தத் தருமி அண்டைக்கு இரவு என்னத்தைச் சாப்பிட்டுப் படுத்தவனோ, அதை ஒருத்தரும் காட்டேல்லை” என்றார். சபை சற்று நேரம் மௌனமாயிற்று. பெரியப்பா புன்னகையோடு, “அதுவும் ஒரு விமரிசனந்தான்” என்று ஒப்புக்கொண்டார். படத்தில் எவர் பசியோடு இருக்கிறார், எவர் அவருக்குச் சோறு போடுகிறார் என்பதே எந்தப் படத்துக்கும் அம்மம்மா வைத்திருந்த அளவுகோல். அந்த அளவுகோலால் பல பெரிய படங்கள் தோற்றுப்போனதை நான் கண்டிருக்கிறேன்.

மட்டக்களப்பு மண்ணிலே பிறந்த பாலு மகேந்திரா எடுத்த ‘வீடு’ 1988இல் வெளிவந்தது. பாட்டுமில்லை, சண்டையுமில்லை, ஒரு பெண் தன் தாத்தாவின் துண்டுக் காணியில் ஒரு சிறு வீடு கட்டப் படுகிற பாடே கதை முழுவதும். அதன் கசெற் எங்கள் ஊருக்கு வந்தபோது, இளைஞர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள், பெரியப்பாவும், “எடுத்த விதம் திறம், ஆனால் அந்தத் தாத்தா வீட்டைப் பார்க்கப் போகிற இடம் வரவர நீளுது” என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் அடுத்த நாள் கிணற்றடியில் பெண்கள் கூடியபோது அந்தப் படமே ஒரு கிழமைக்குப் பேச்சாக இருந்தது. மகளுக்குச் சீதன வீடு கட்டுவதற்கென்று வருஷக்கணக்காக ஒவ்வொரு சுவராக எழுப்புகிற ஊர் எங்களுடையது. கூரை போட்டால் தரை இல்லை, தரை போட்டால் கதவு இல்லை என்று அரைகுறையாக நிற்கிற வீடுகள் ஒழுங்கைக்கு ஒன்று உண்டு. சீமெந்தைக் களவாக அனுப்புகிற ஒப்பந்தகாரனைக் கூலிப்பெண் காட்டிக்கொடுக்கிற காட்சியை மாமி மூன்று தடவை சொல்லிச் சொல்லி, “கொங்கிறீற் போடேக்க வீட்டுக்காரி பக்கத்தில நிக்கவேணும், பாத்தியளே” என்று முடித்தார். விறாந்தை கைவிட்ட படத்தைக் கிணற்றடி எடுத்துக் காப்பாற்றியது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பின்வந்த வருஷங்களில் மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து யாவும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி ஏற்றிய விளக்கே எங்கள் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வெளிச்சம். ரிவிப் பெட்டி துணியால் மூடப்பட்டு ஒரு மூலையில் இருந்தது. எனினும் படம் பார்க்கிற ஆசை அணைந்ததென்று சொல்லமுடியாது. மாதத்தில் ஒருநாள் ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, இரண்டு துளி பெற்றோலில் அதை உயிர்ப்பித்துப் பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெளிச்சம் வானத்துக்குத் தெரியாதபடி ஜன்னல்களைச் சாக்கால் அடைத்துக்கொண்டு, வெக்கையிலும் புகையிலும் நெருக்கியடித்திருந்து படம் பார்த்தோம். ஹெலிச் சத்தம் கேட்டால் ஜெனரேற்றரை நிறுத்தி இருளில் இருப்போம். சத்தம் அகன்றதும், விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். அந்த இருட்டிலும் எவராவது ஒருவர் தாழ்ந்த குரலில், “உவன்தான் கொலைகாரன், பாருங்கோ” என்று தம் ஊகத்தைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஜெனரேற்றருக்கும் வழியில்லாத காலத்தில் வானொலி இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ஒரு வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, பெடியள் முறைவைத்துப் பெடலைக் கையால் சுற்ற, ஞாயிறு பின்னேரத்தில் திருச்சி வானொலியின் ஒலிச்சித்திரத்தைக் கேட்போம். ஒரு திரைப்படத்தின் உரையாடலும் பாட்டும் மட்டும் ஒருமணி நேரத்துக்குச் சுருங்கி வரும். சுற்றுகிறவன் கதையிலே லயித்துக் கை தளர்ந்தால் நாயகியின் குரல் மங்கும், “சுத்தடா, சுத்தடா, அவள் அழுகிறாள்!” என்று அம்மம்மா பதறுவார். முகங்களை அவரவர் மனத்தில் வரைந்துகொண்டோம். அதனால் ஒரே படத்தைக் கேட்ட பத்துப்பேர் பத்துப் படம் பார்த்திருந்தோம்; பின்னேரத்து விவாதமும் அதற்கேற்பச் சுவைத்தது.

இன்னொரு வழியும் இருந்தது. கிளாலிக் கடலை இரவிலே வள்ளத்தில் தாண்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தவர்கள், அங்கே பார்த்த படங்களைத் திரும்பிவந்து ஊருக்குச் சொல்வார்கள். என் மச்சாள் ஒருத்தி ‘தேவர் மகன்’ படத்தை எங்கள் முற்றத்தில் இரண்டு பின்னேரங்களாகச் சொன்னாள். ஒருநாளில் முடிக்கக்கூடியதுதான், ஆனால் தகப்பன் இறக்கிற இடத்தில் அவள் நிறுத்திவிட்டு, “மிச்சம் நாளைக்கு” என்று எழுந்துவிட்டாள். சிவாஜி அமர்ந்திருக்கிற தோரணையைக் கதிரையில் இருந்து காட்டினாள். கமல் மீசையை முறுக்குகிற விதத்தைத் தன் மேலுதட்டில் விரல்வைத்துக் காட்டினாள். பாட்டு வரும் இடங்களில் பாடினாள். வருஷங்கள் கழிந்து அந்தப் படத்தை நாங்கள் எல்லாருமாக டெக்கில் பார்த்து முடித்தபோது, அம்மம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “உதில என்ன கிடக்கு? உவள் சொன்ன படந்தான் திறம்” என்றார். ரசனை என்பது திரையைக் காட்டிலும் சொல்கிறவர் நெஞ்சிலும் கேட்கிறவர் நெஞ்சிலும் கூடுதலாகக் குடியிருக்கிறதென்று அன்றைக்கு விளங்கிற்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையிலே நடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்ததை இங்கே விரித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அதை அறிந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. மீசாலையில் ஒரு தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு நாங்கள் தங்கியிருந்த காலத்தில், ஒரு பின்னேரம் பெரியப்பா எவரும் கேளாமலே, “உந்த ‘வீடு’ படத்தில அந்தத் தாத்தா, கட்டிமுடியாத சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார் எல்லோ” என்று ஆரம்பித்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். “அது நீளம் எண்டு நான் சொன்னனான். நீளமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதற்கு ஏழு வருஷமும் ஓர் இடப்பெயர்வும் தேவைப்பட்டதை நான் அன்று நேரிலே கண்டேன். மறுவருஷம் ஊருக்குத் திரும்பியபோது பெட்டியும் டெக்கும் இல்லை. குழாய் மட்டும் நின்றது. பெரியப்பா அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்த பின்பு, கேபிள் கம்பி ஒழுங்கை ஒழுங்கையாக ஓடிற்று. அன்ரெனாவைத் திருப்புகிற வேலை ஒழிந்தது. ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்மக்களைப் பெற்ற அந்தத் தகப்பனின் கவலையை யாழ்ப்பாணத்துத் தாய்மார் தம் சொந்தக் கவலையாகவே ஏற்றுக்கொண்டார்கள். சந்தையில் மரக்கறி தெரிவுசெய்யும்போதும், கோயில் வீதியில் பிரசாதம் வாங்கும்போதும் மூத்த மருமகனின் குணம் விசாரிக்கப்பட்டது. ஆனால் ஒரு வழக்கம் அத்துடன் மாறத் தொடங்கிற்று. முன்னெல்லாம் வீட்டுக்கு ஆள் வந்தால் பெட்டியை நிறுத்திவிட்டுக் கதைப்போம். இப்போது வந்தவரும் பெட்டிக்கு முன்னால் இருத்தப்பட்டு, விளம்பரம் வரும்வரை காத்திருந்து, விளம்பரத்துக்குள் தம் சுகதுக்கத்தைச் சொல்லி முடிக்கவேண்டியவரானார். தினமும் வருகிற கதைக்கு முடிவும் தூரத்தில் இருந்ததால், தீர்ப்புச் சொல்லும் காலை என்று ஒன்று வரவேயில்லை.

இன்றோ வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. நெற்பிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது 2016இல். அதற்குப் பின் வேறு பலவும் வந்துவிட்டன. என் மகள் தன் அறையில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு ஒரு கொரியத் தொடர் பார்க்கிறாள். மனைவி யூரியூப்பில் பழைய படம் பார்க்கிறாள். நான் விறாந்தையில் வேறொன்று பார்க்கிறேன். ஒரே கூரையின்கீழ் மூன்று கொட்டகைகள். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற அந்த நாட்களில் மாத்திரம், கைபேசிகளின் பற்றறி இறங்கியபின் மூவரும் விறாந்தைக்கு வந்து, பார்த்த கதைகளை ஒருவருக்கொருவர் சொன்னோம். கொரியத் தொடரில் மாமியார் மருமகளுக்குச் செய்கிற கொடுமையை மகள் விவரிக்க, மனைவி, “உது எங்கட கதையெல்லே” என்று வியந்தாள். மின்சாரம் வந்ததும் கதை பாதியில் நின்றுபோயிற்று.

ஆயினும் விறாந்தை முற்றாக அழிந்துவிடவில்லை. அது கடல்களைத் தாண்டி நீண்டிருக்கிறது. ரொறன்ரோ, லண்டன், பரிஸ், நீர்வேலி என்று சிதறிய எங்கள் குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. அதிலே சி. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ பற்றி ஒரு முழு வாரம் பேசினோம். தஞ்சாவூரில் 1996இல் பூர்வீக வீட்டை விட்டுப் போகிற ஒரு குடும்பம். இருபது வருஷங்களுக்கு மேலாகிய பின் ஒரு கலியாணத்துக்காகத் திரும்பி வருகிற மகன். பெயரே அவனுக்கு நினைவில்லாத ஓர் உறவினனின் அன்பு. விட்டுப்போன வீட்டிலே கிடந்த ஒரு சைக்கிளே தன் குடும்பத்தை நிமிர்த்திற்றென்று அந்த உறவினன் நன்றியோடு நினைக்கிறான். ரொறன்ரோவிலிருந்து சின்னண்ணை குரற்பதிவு அனுப்பினார்: “தம்பி, நாங்கள் வெளிக்கிடேக்க என்ர றலி சைக்கிள் சுவரோட சாத்தினபடி நிண்டது. ஆர் எடுத்தாங்களோ தெரியாது. இவ்வளவு காலமும் கோவமாத்தான் இருந்தனான். உந்தப் படம் பாத்தாப் பிறகு, எடுத்தவன்ர பிள்ளை அதிலை பள்ளிக்கூடம் போயிருந்தால் நல்லது எண்டு நினைக்கிறன்.” அதைக் கேட்டு லண்டனிலிருக்கிற மச்சாள், அதே ‘தேவர் மகன்’ மச்சாள், நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை; பின்பு, “படம் கொஞ்சம் நீளந்தான், ஆனால் குறைக்க ஏலாது” என்று எழுதினாள். பெரியப்பா இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பை ஏற்றிருப்பார்.

2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ அப்படி ஒருமனப்பட விடவில்லை. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுக் கடல்வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகிற ஒரு குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. தம் பேச்சு காட்டிக்கொடுக்குமென்று அஞ்சிக் கேரளத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிற இடம் அதில் வருகிறது. பரிஸ் சித்தப்பாவுக்கு அந்தத் தமிழ் அறவே பிடிக்கவில்லை: “எங்கட ஆக்கள் உப்பிடி இழுத்துக் கதைக்கிறேல்லை.” என் மகளோ அவரை மறுத்தாள்: “பேச்சு பிழையா இருக்கலாம் சித்தப்பா. ஆனால் அயலட்டை அவையளை ஏற்றுக்கொள்ளுற விதம் உண்மையா இருக்கு. 2022இல மன்னாரால போன சனத்துக்கு அப்பிடி ஒரு தெரு கிடைச்சிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்?” என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். இனிமையை அந்தப் படம் வேண்டிய அளவுக்கு மேல் ஊற்றிவிட்டது. வள்ளத்தில் ஏறுமுன் அந்தக் குடும்பம் பட்ட துயரத்தை விரைந்து கடந்துவிட்டது. ஆனாலும் ஈழத்து மனிதரைத் துப்பாக்கியும் கண்ணீரும் இல்லாமல், அயலவரோடு சிரித்து வாழ்கிறவராகக் காட்டியதற்காக அதை மதிக்கிறேன் என்று எழுதினேன்.

அண்மையில் நாங்கள் மூவரும் கைபேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு ஒன்றாகப் பார்த்தது ‘பொன்மணி’. தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர், யாழ்ப்பாணத்து மண்ணிலேயே எடுத்து 1977இல் வெளியிட்ட தமிழ்ப்படம் அது. எழுதியவர் காவலூர் இராசதுரை. சீதனத்தையும் சாதியையும் பற்றி அது சொன்னதைக் கேட்க அன்றைய கொட்டகைகள் ஆயத்தமாக இருக்கவில்லை, படம் ஓடவில்லை. இன்று பார்க்கையில், கிடுகுவேலியும் ஒழுங்கையும் கடற்கரையும், பேசாமல் நீளுகிற பின்னேரங்களும், எங்கள் வாழ்வை அதற்கு முன்போ பின்போ எவரும் அவ்வளவு நேர்மையாகப் படம்பிடிக்கவில்லை என்பேன். மகள், “மெதுவா போகுது, ஆனால் அந்த அக்கா ஏன் ஒண்டும் கதைக்காமல் இருக்கிறா எண்டு விளங்குது” என்றாள். ஏன் என்று நான் கேட்டேன். அவள் காரணம் சொல்லத் தொடங்கி, சீதனம் பற்றித் தன் மனத்திலிருந்ததை முதன்முறையாக எங்களிடம் சொன்னாள். எத்தனையோ நாளாக நாங்கள் கேட்கத் தயங்கிய பேச்சு, ஒரு பழைய படத்தின் சாட்டில் வெளியே வந்தது.

ஒரு படம் நல்லதா கெட்டதா என்பது அவ்வளவு முக்கியமன்று. அதைச் சாட்டாக வைத்து மனிதர் தம் பசியையும், விட்டுவந்த வீட்டையும், சொல்லாத கவலையையும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதே அதன் பெரும்பயன். மின்சாரம் இல்லாத ஐந்து வருஷங்களிலும் சைக்கிள் பெடலைச் சுற்றி அந்தப் பயனைக் காப்பாற்றிய ஊர் இது. வேண்டிய படம் வேண்டிய நேரத்தில் கைக்கு வருகிற இந்தக் காலத்தில் அதை நழுவவிடுவது தகாது. ஆகவே வாசகர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: இன்றிரவு ஒரு படம் பார்த்தீர்களானால், கைபேசியில் பெருவிரல் அடையாளம் ஒன்றைப் போட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள், நாளைக் காலை தேத்தண்ணி குடிக்கும்போது வீட்டிலுள்ள ஒருவரிடம் அதைப் பற்றி முழுவதாகச் சொல்லுங்கள், அவர் அபிப்பிராயத்தையும் கேளுங்கள், ஏன் என்று இன்னொரு தடவை கேளுங்கள்.